நீருக்கும் குழந்தைக்கும் நடுவே ஒரு வேலி

அனுமன் தீர்த்தத்தில் தென்பெண்ணையில் முழுகி எழுந்து, பிறகு தீர்த்தமலை ஏறி, பாறை இடுக்கிலிருந்து விழும் ராம தீர்த்தத்தில் தலையை நனைத்துக்கொள்ளும் அரூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு, நீர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது புண்ணியம். ஆடிப் பதினெட்டன்று அந்த இரண்டு தலங்களிலும் கைக்குழந்தைகளோடு வந்து கூடும் குடும்பங்களைப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். மழை பொய்த்துப் பொய்த்து வரும் தர்மபுரிச் சீமையில், வாணியாற்றில் தண்ணீர் வந்தது என்ற செய்தியே ஒரு பண்டிகையின் உற்சாகத்தை உண்டாக்குகிறது. இப்படிப்பட்ட ஊரில் குழந்தையை நீரிலிருந்து விலக்கி வையுங்கள் என்று எழுதுவது அபசகுனமாகத் தோன்றக்கூடும். ஆயினும், கடந்த சில வருஷங்களாக நீர் நம் வீட்டுப் பக்கம் வந்து நிற்கும் விதமே மாறிவிட்டபடியால் இதை எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

நம் பெரியவர்கள் நீச்சல் கற்றது கிணற்றில். பாறையை வெடிவைத்துப் பிளந்து வெட்டிய அகலமான கிணற்றில், பையனின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிற்றைப் பிணைத்து, அதன் மறுமுனையைத் தாய்மாமனோ சித்தப்பாவோ கையில் பிடித்துக்கொண்டு நிற்க, பையன் அழுதுகொண்டே கையையும் காலையும் அடித்து அடித்து, நாலைந்து நாளில் தானாகவே மிதக்கத் தொடங்குவான். பின்னாளில் சுரைக்குடுக்கையின் இடத்தை லாரி ட்யூப் பிடித்துக்கொண்டது. அந்த முறையில் அபாயம் இல்லாமற் போகவில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் எத்தனையோ உயிர்களைப் பலிகொண்டிருக்கின்றன. ஆனால் ஆழமும் இருட்டும் கூடிய கிணறு பார்த்த மாத்திரத்திலேயே பயத்தைத் தரக்கூடியது. பெரியவர் துணையில்லாமல் படியில் இறங்கக் கூடாது என்பது குழந்தைக்குச் சொல்லாமலே புரியும்.

நீல நிற ஓடு பதித்த நீச்சல் குளத்தில் அந்தப் பயத்துக்கு இடமில்லை. தோட்டத்து வீடுகளிலும், வாடகைக்கு விடும் பண்ணை வீடுகளிலும், மலையடிவார விடுதிகளிலும், தனியார் பள்ளிகளிலும் இப்போது கட்டப்படும் இந்தக் குளங்களில் தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருக்கிறது. தரை தெரிவதனால் ஆழம் இருப்பதைவிடக் குறைவாகவே கண்ணுக்குப் படுகிறது. நடக்கப் பழகிய குழந்தைக்கு அதைவிட ஆசை காட்டும் பொருள் அந்த வளாகத்தில் வேறு கிடையாது.

சென்னையில் 2012-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், ஒரு பள்ளியின் நீச்சல் குளத்தில், நீச்சல் வகுப்பு நடந்துகொண்டிருந்த வேளையிலேயே நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவன் மூழ்கி இறந்துபோனது பலருக்கு நினைவிருக்கலாம். நகரமே அன்று பதறியது. பயிற்சிக்கென்றே ஏற்பட்ட இடத்தில், கூடப் படிக்கும் பிள்ளைகளின் நடுவில், பகல் வெளிச்சத்தில் ஓர் உயிர் போகும் என்றால், அந்த உயிர் போகும் விதம் நாம் எண்ணிக்கொண்டிருக்கும் விதமாக இருக்க முடியாது என்பதை அப்போதே நாம் யோசித்திருக்க வேண்டும்.

சினிமாவில் மூழ்குகிறவர் கையை உயர்த்தி வீசுகிறார், கூவுகிறார், தண்ணீரை அடித்துக் கலக்குகிறார். நிஜத்தில் மூழ்கும் குழந்தையால் கூவ முடியாது. குரலை எழுப்ப மூச்சு வேண்டும். அந்த மூச்சுக்காகவே அது போராடிக்கொண்டிருக்கிறது. உடல் நிமிர்ந்திருக்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் நீர்மட்டத்தில் அமிழ்ந்தும் எழுந்தும் கொண்டிருக்கும், கைகள் இரண்டும் பக்கவாட்டில் நீரை அமுக்க முயலும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் குழந்தை நின்றுகொண்டு விளையாடுவதாகவே தோன்றும். இந்த நிலை நீடிப்பது 20 முதல் 60 விநாடி வரையில்தான். அதற்குப்பின் குழந்தை நீருக்குள் போய்விடுகிறது. ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்கு இந்த அவகாசமும் கிடையாது. உடம்பைப் பார்க்கத் தலை கனமாக இருப்பதால், குனிந்து எட்டிப் பார்த்த மாத்திரத்தில் தலைகுப்புற விழுந்துவிடும். குளியலறையில் பாதி நிரப்பிய வாளிகூட அதற்குப் போதும். 2021-இல் உலகம் முழுவதும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்றும், அவர்களில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

"நாங்கள் எல்லாரும் பக்கத்தில்தானே இருந்தோம்?" இழவு வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்கும் வார்த்தை இது. காதுகுத்து விசேஷத்துக்காகப் பண்ணை வீட்டில் கூடிய சொந்தக்காரர்களை எண்ணிப் பாருங்கள். பெரியம்மா இலை போடுவதைக் கவனிக்கிறாள். மாமன் சீர்த்தட்டோடு படம் எடுத்துக்கொள்கிறான். தாத்தா கட்டிலில் கண்ணயர்ந்துவிட்டார். குழந்தை அத்தையிடம் இருப்பதாகத் தாயும், தாயிடம் இருப்பதாக அத்தையும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இருபது பேர் இருக்குமிடத்தில் ஒருவர்கூடப் பார்க்காமலிருப்பது சாத்தியம் மாத்திரமல்ல, அதுவே சகஜம். ஆகையினால் குளம் உள்ள இடத்தில், இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை இன்னார் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிட வேண்டும். அப்படி ஒப்புக்கொண்டவர் நீரின் ஓரத்தில், கை நீட்டினால் குழந்தையைத் தொடும் தூரத்தில், கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு இருக்க வேண்டும்.

ஆனால் மனிதக் கண் சோரும். பெற்ற தாயின் கண்ணும் ஒரு க்ஷணம் சோரத்தான் செய்யும். அதில் அன்பின் குறை எதுவும் கிடையாது. அந்த ஒரு க்ஷணத்துக்காகவே வேலி வேண்டும் என்பதுதான் இந்த விஷயத்தில் அனுபவப்பட்ட தேசங்கள் கண்ட முடிவு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாகாணம் 1992-லேயே நீச்சல் குளங்களுக்கென்று தனிச் சட்டம் செய்தது. பிரான்ஸில் 2003-ஆம் வருஷச் சட்டம் வீட்டுக் குளங்களுக்கும் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலிய விதிகளைப் படிக்கும்போது அவற்றின் நுணுக்கம் வியப்பைத் தருகிறது. வேலியின் உயரம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. குழந்தை நுழைந்து போகாதபடி அடியில் உள்ள இடைவெளி 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கதவு குளத்தை விட்டு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், விட்டவுடன் தானே சாத்திக்கொள்ள வேண்டும், தாழும் தானே விழ வேண்டும். கால் வைத்து ஏறத்தக்க பொருள் எதுவும் வேலியை ஒட்டி இருக்கலாகாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, வேலி குளத்தின் நான்கு பக்கமும் சுற்றி வர வேண்டும் என்பது. மூன்று பக்கம் வேலியும் நாலாவது பக்கம் வீட்டுச் சுவருமாக அமைத்தால், வீட்டுப் பின்கதவு திறந்ததும் குழந்தை நேரே தண்ணீருக்குப் போய்விடுகிறது. குழந்தைகள் பெரும்பாலும் குளத்தை அடைவது வீட்டிலிருந்துதான், தெருவிலிருந்து அல்ல.

நம் பக்கத்தில் வேலியே போடாதவர்கள் ஒரு வகை. போட்டவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு பண்ணை வீட்டில் மார்பளவு உயரத்தில் நல்ல இரும்புக் கிராதி, ஸ்பிரிங் வைத்த கதவு, எல்லாம் பார்த்தேன். போகவர உபத்திரவமாக இருக்கிறதென்று அந்தக் கதவைத் தேங்காய் நார்க் கயிற்றால் பின்னுக்கு இழுத்துக் கட்டிவைத்திருந்தார்கள். கிராதியை ஒட்டி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், துண்டு காயப்போடுவதற்காக. அந்தக் கயிற்றை அவிழ்த்து நாற்காலிகளைத் தள்ளிவைக்க அரை நிமிஷம் போதும்.

குளத்தின் அடியில் உள்ள உறிஞ்சு குழாயை நம்மில் பலர் கவனிப்பதே கிடையாது. அமெரிக்க வெளியுறவு மந்திரியாக இருந்த ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி 2002-இல் இப்படிப்பட்ட ஒரு குழாயின் இழுவிசையில் சிக்கி இறந்தாள். நீந்தத் தெரிந்த குழந்தை அவள். அவளுடைய தாயின் விடாமுயற்சியால் 2007-இல் அமெரிக்காவில் அதற்கென்றே ஒரு சட்டம் பிறந்தது. அந்தக் குழாயின் மூடி உடைந்துள்ள குளத்தில், மோட்டார் ஓடும்போது குழந்தையை இறக்கக் கூடாது; மோட்டாரை நிறுத்தும் சுவிட்சு எங்கே என்பது அங்குள்ள பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காற்றடைத்த வாத்துகளும் வளையங்களும் விளையாட்டுச் சாமான்களே. உயிர் காக்கும் சாதனமாக அவற்றை நம்பலாகாது. நீச்சல் கட்டாயம் கற்றுக்கொடுக்க வேண்டிய வித்தைதான். அதனால், கற்றுக்கொண்ட ஐந்து வயதுக் குழந்தையைத் தனியே விடலாம் என்று ஆகிவிடாது.

விபத்து நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும் உண்டு. குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவதும் நம் கிராமங்களில் இன்னும் நடக்கின்றன. இவை காலத்தை வீணாக்கும், தீங்கும் செய்யும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, வாயோடு வாய் வைத்து முதலில் சில முறை ஊதி, பின் நெஞ்சின் நடுவே 30 முறை அழுத்தம், 2 முறை மூச்சு என்று விடாமல் செய்துகொண்டிருக்க, வேறொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். குழந்தை தேறி எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருக்கக் கூடாது. நுரையீரலுக்கு நேர்ந்த கெடுதி சில மணி நேரம் கழித்தே தெரிய வருவதுண்டு.

குழந்தைக்குக் காவல் அன்றாடமும் வேண்டும். பங்களாதேஷில், தாய்மார்கள் வேலையில் மூழ்கியிருக்கும் காலை நேரத்தில் கிராமத்துக் குழந்தைகளை ஒரு பெண்மணியின் பொறுப்பில் ஓரிடத்தில் வைத்துக்கொள்ளும் காப்பகங்கள், நீரில் மூழ்கிச் சாகும் சிறுவர் தொகையை வெகுவாகக் குறைத்திருக்கின்றன. நம்மிடம் அங்கன்வாடி ஏற்கனவே இருக்கிறது. மஞ்சள் வெட்டுக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் தாய், மூன்று வயதுக் குழந்தையை வரப்பில் விட்டுவிடாமல் அங்கன்வாடியில் விட்டுச் செல்வது, படிப்புக்காக மட்டுமல்ல, பிராணனுக்காகவும்தான்.

அந்த வரப்பின் பக்கத்தில்தான் இப்போது பண்ணைக்குட்டை இருக்கிறது. நீர் கசியாமலிருக்கப் பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டையின் சரிவு பாசி பிடித்து வழுக்கும். உள்ளே விழுந்த குழந்தைக்குப் பற்றிக்கொள்ள ஒரு வேர்கூடக் கிடையாது. பெரியவர்களே ஏற முடியாமல் தத்தளிக்கிறார்கள். நீச்சல் குளம் பணக்காரர் விஷயம் என்று தள்ளிவிடுகிறவர்களும் இந்தக் குட்டையை அப்படித் தள்ள முடியாது. கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும், தோண்டும் இடத்தைச் சுற்றி வேலி போட வேண்டும் என்று 2010-இல் உச்சநீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அதுபோலவே, பண்ணைக்குட்டை வெட்ட விவசாயிக்கு மானியம் வழங்கும் அரசாங்கம், அந்த மதிப்பீட்டிலேயே நாலு பக்கக் கம்பி வேலி, தாழிட்ட கதவு, இரண்டு மூலைகளில் முடிச்சுப் போட்ட கயிறு, மிதக்க ஒரு ட்யூப் ஆகியவற்றுக்கான தொகையையும் சேர்த்து, வேலி நின்ற பிறகே கடைசித் தவணையைக் கொடுப்பது என்று விதி செய்ய வேண்டும்.