மனைவியின் அசதிக்கும் நாட்டக் குறைவுக்கும் ஹார்மோன் காரணமா?



செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு மூட்டை ஏற்றும் குடும்பமானாலும், தறி ஓட்டும் குடும்பமானாலும், மரவள்ளிக் காட்டிலோ கோழிப் பண்ணையிலோ பாடுபடும் குடும்பமானாலும், வெளியே சொல்ல முடியாத ஒரு குறை பல வீடுகளில் உண்டு. "முன்ன மாதிரி தெம்பு இல்லீங்க, எதுலயும் பிடிப்பு இல்லீங்க" என்று நர்ஸம்மாவிடம் மனைவி சொல்லுவார். கணவரோ, "என்னைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறா" என்று மனதுக்குள் புழுங்குவார். இருவரும் இதைப் பேசிக்கொள்வதில்லை. பேசாமல் விட்ட குறை சந்தேகமாகிறது, சந்தேகம் சண்டையாகிறது.

இதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கலாம். அப்படிப்பட்ட காரணங்களுள் ஒன்று டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் குறைவது. அதைப் பற்றி இருவரும் சேர்ந்து படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அது ஆண்களுக்கு மட்டும் உள்ளது அல்லவா?

அல்ல. பெண்ணின் உடம்பிலும் அது சுரக்கிறது. ஆணுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான் என்றாலும், அதற்கும் வேலை உண்டு. கர்ப்பப்பையின் இருபுறமும் உள்ள சினைப்பைகளும், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளும் இதற்கு மூலம். பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக்கூட உடம்பு இதிலிருந்துதான் தயாரிக்கிறது. தாம்பத்திய நாட்டம், தசை வலு, எலும்பின் உறுதி ஆகியவற்றில் இதற்குப் பங்கு உண்டு.

இருபது வயதில் இருந்த அளவு நாற்பதைத் தாண்டும்போது ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. இது வயதோடு வரும் இயல்பான மாற்றம், நோய் அல்ல. மாதவிலக்கு தானாக நின்ற பிறகும் சினைப்பைகள் இதைக் கொஞ்சம் சுரந்துகொண்டுதான் இருக்கும்.

அறிகுறிகள் என்ன?

1. தாம்பத்திய நாட்டம் முன்பு இருந்து, பின்பு பல மாதங்களாக அடியோடு இல்லாமல் போவது. அது மனதுக்கு வருத்தமாகவும் இருப்பது.
2. தூங்கி எழுந்தாலும் தீராத அசதி.
3. குடத்தைத் தூக்கக்கூட முடியாதபடி கை கால் வலுக் குறைவது.
4. மனச்சோர்வு, எதிலும் ஈடுபாடு இல்லாமை.
5. அக்குளிலும் மறைவிடத்திலும் உள்ள முடி உதிர்ந்து மறைவது.

முதல் நான்கும் வேறு பல காரணங்களாலும் வரும். ஐந்தாவது மட்டும் அப்படியல்ல. இளம் வயதிலோ நடு வயதிலோ அந்த முடி உதிர்ந்தால் சுரப்பிகளைப் பரிசோதித்தே ஆகவேண்டும்.

யாருக்குத் திடீரெனக் குறைகிறது?

சினைப்பைகளை எடுத்தவர்களுக்கு: இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், சில நாட்களிலேயே டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறையப் பாதியாகிறது. ஈஸ்ட்ரோஜனும் கூடவே விழுகிறது. உடம்பு காந்துகிறது, தூக்கம் கெடுகிறது, எலும்பு தேய்கிறது. வெள்ளைப்படுகிறது, வயிறு வலிக்கிறது என்று போன பெண்ணிடம், "பிள்ளைதான் பெத்தாச்சே, கர்ப்பப்பை எதுக்கு?" என்று சொல்லி, கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிடும் வழக்கம் நம் நாட்டில் சில இடங்களில் இருந்திருக்கிறது. மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் போகும் பெண்கள் பலர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-ல் நாடெங்கும் பேசப்பட்டது. தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. எல்லா மாநிலங்களும் அவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

புற்றுநோய் போன்ற காரணங்களுக்கு இந்த ஆபரேஷன் அவசியம்தான். ஆனால் சம்மதக் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: "மருந்தில் குணமாகாதா? கர்ப்பப்பை மட்டுமா, சினைப்பையும் சேர்த்தா? சினைப்பையை ஏன் எடுக்கவேண்டும்?" இன்னொரு டாக்டரிடமும் கேட்பது உங்கள் உரிமை.

பிரசவத்தில் அதிக ரத்தம் போனவர்களுக்கு: இதை நன்றாக நினைவில் வையுங்கள். மூளையின் அடியில் பிட்யூட்டரி என்றொரு சிறு சுரப்பி இருக்கிறது. மற்ற சுரப்பிகளுக்கெல்லாம் அதுதான் மேஸ்திரி. கர்ப்ப காலத்தில் அது பெரிதாகிறது, அதற்கு ரத்தமும் அதிகம் வேண்டும். பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போய்விட்டால், அது ரத்தம் கிடைக்காமல் கருகிவிடலாம். 1937-ல் ஷீஹான் என்ற ஆங்கில மருத்துவர் இதை விவரித்து எழுதியதால் இதற்கு ஷீஹான் நோய் என்று பெயர். 2005-ல் வெளியான காஷ்மீர் ஆய்வு ஒன்றில், பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு இது இருப்பதாகத் தெரிந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் பிரசவித்தவர்கள்.

இந்த நோய் உள்ள தாய்க்குப் பிள்ளை பிறந்த பின் பால் சுரக்காது. மாதவிலக்கு திரும்ப வராது. அக்குள் முடி உதிரும். முகம் வெளுக்கும், குளிர் தாங்காது, அசதி தீராது. வீட்டில் உள்ளவர்கள், "பச்சை உடம்புக்காரி, போகப் போகச் சரியாயிடும்" என்பார்கள். வருடங்கள் ஓடிவிடும். பிறகு ஒரு நாள் சாதாரணக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், வாந்தி எடுத்து மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். கார்ட்டிசோல் என்ற உயிர்காக்கும் ஹார்மோனும் சேர்ந்து குறைந்திருப்பதே காரணம்.

கண்டுபிடித்துவிட்டால் வழி இருக்கிறது. தினமும் விடாமல் சாப்பிடும் மாத்திரைகள் உண்டு, அவை விலை அதிகமானவை அல்ல. சாப்பிடத் தொடங்கியதும் பெண் புதிதாக எழுந்து நடமாடுவார். இன்று தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியில்தான். ஆனால் இருபது, முப்பது வருடங்களுக்கு முன் வீட்டில் பிரசவித்து, ரத்தம் அதிகம் போய், அன்று முதல் சோர்ந்தே கிடக்கும் தாய் உங்கள் தெருவிலும் இருக்கலாம். அவரை அழைத்து வாருங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு: மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் நெடுநாள் இதைச் சாப்பிட்டால் அட்ரினல் சுரப்பி தூங்கிவிடும். பெயர் சொல்லாமல் பொட்டலம் கட்டித் தரும் வலி மாத்திரையிலும் இது இருக்கலாம். திடீரென நிறுத்துவது ஆபத்து. டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு: தினசரி ஹார்மோன் மாத்திரை, உடம்பு பயன்படுத்தும் டெஸ்டோஸ்டிரோனைச் சற்றுக் குறைக்கிறது. பெரும்பாலோருக்கு இதனால் தொந்தரவு ஏதும் தெரிவதில்லை. உங்களுக்கு நாட்டம் குறைந்ததாகத் தோன்றினால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். ஹார்மோன் இல்லாத காப்பர்-டி போன்ற வேறு முறைக்கு மாறலாம்.

குடும்பநல ஆபரேஷனால் ஆசை குறையுமா?

குறையாது. "ஆபரேசன் பண்ணதுல இருந்துதான் இப்படி" என்று பலர் சொல்வதைக் கேட்கிறோம். அந்த ஆபரேஷனில் சினைமுட்டை வரும் குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். சினைப்பையைத் தொடுவதில்லை. வாய்க்காலை அடைத்தால் கிணற்றில் ஊற்று வற்றிவிடுமா? ஹார்மோன் குழாய் வழியாக வருவதில்லை, நேரே ரத்தத்தில் கலக்கிறது. ஆண்களுக்கான ஆபரேஷனும் இப்படித்தான். கணவரின் வீரியமும் ஹார்மோனும் குறைவதில்லை.

முதலில் எதைப் பார்க்கவேண்டும்?

அசதியும் நாட்டமின்மையும் வந்தவுடன் ஹார்மோன்மேல் பழி போட வேண்டாம். முதல் காரணம் பெரும்பாலும் ரத்த சோகைதான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தம் குறைவு. அடுத்து தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு. மாதவிலக்கு நின்றவர்களுக்கு உறுப்பு உலர்ந்து கூடும்போது வலி இருக்கும். வலி இருந்தால் ஆசை எப்படி வரும்? அதற்கும் வைத்தியம் உண்டு. இவற்றோடு விடியற்காலை முதல் ராத்திரி வரை ஓயாத வேலை, கணவரின் குடி, அடி, ஏச்சு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு மாத்திரை கிடையாது.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாமா?

நீங்களாகப் போடக்கூடாது. 2019-ல் பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் கூடி ஒரு முடிவை வெளியிட்டன. "இந்த அளவுக்குக் கீழே போனால் குறைவு" என்று பெண்களுக்கு ஒரு கோடு போட முடியாது, ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்றன. மாதவிலக்கு நின்று, நாட்டமின்மையால் மனவருத்தம் உள்ள பெண்ணுக்கு, மற்றக் காரணங்கள் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே, மிகக் குறைந்த அளவில், நிபுணரின் கண்காணிப்பில் தரலாம். வெறும் அசதிக்கு அது மருந்தல்ல. ஆண்களுக்கான ஊசியைப் பெண்ணுக்குப் போட்டால் முகத்தில் முடி முளைக்கும், பரு வரும், குரல் ஆண்குரலாகும். மாறிய குரல் திரும்பாமலே போகலாம். கர்ப்பிணிக்குப் போட்டால் வயிற்றிலுள்ள பெண் சிசுவுக்குக் கேடு. விளம்பரத்தில் வரும் வீரிய லேகியத்தையும் பெயர் தெரியாத பொடியையும் நம்பிக் காசைத் தொலைக்காதீர்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை

ஐயா, மனைவி விலகிப் போனால் சந்தேகப்படாதீர்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். "உடம்புக்கு என்ன பண்ணுது?" என்று பொறுமையாகக் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடவே வாருங்கள். டாக்டர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு உங்களுக்கும் பதில் தெரிந்திருக்கும்.

எங்கே போவது?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அளவும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். மேற்கொண்டு தேவையென்றால் அங்கிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பிவைப்பார்கள். போகும்போது பிரசவச் சீட்டு, ஆபரேஷன் சீட்டு, சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். வாந்தி, மயக்கம் என்றால் காத்திராமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனதா, பால் சுரந்ததா, அதன்பின் மாதவிலக்கு வந்ததா? இந்த மூன்றையும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஒரு தாயின் உயிரை அது காப்பாற்றலாம்.