உஷார்! பழைய ஆலையைத் தோண்டுகிறார்கள்

போன மாதம் ஒரு காலை, வண்டியை எடுக்க வாசலுக்கு வந்தேன். ஸ்கூட்டர் சீட்டின் மேல், மாவு சலித்ததுபோல் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு. பக்கத்து வீட்டுக் குழந்தை அதில் விரலால் பூனை வரைந்திருந்தது. வரைந்து முடித்த கையோடு அதே விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு நின்றது.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்தத் தூசி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருமுனையில் ஈயத்தை உருக்கி பேட்டரி பிளேட் வார்த்த பட்டறை ஒன்று இருந்தது. மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. எருக்கஞ்செடியும் பாம்புமாகக் கிடந்த இடத்தில், நீச்சல் குளமும் தென்னை மரமும் வரைந்த பெரிய போர்டு ஒன்றை இப்போது நட்டிருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஜேசிபி இறங்குகிறது. டிப்பர் லாரிகள் தார்பாய் போடாமல் மண்ணை அள்ளிக்கொண்டு எங்கள் தெரு வழியாகவே போகின்றன. விடிந்து பார்த்தால் துளசி இலை, கொடியில் காயும் துணி, ஜன்னல் கம்பி எல்லாவற்றின் மேலும் அந்தச் சாம்பல்.

தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். பாழாய்க் கிடந்த இடம் உருப்படப் போகிறது, மனை விலை ஏறும், தெருவிளக்கு வரும் என்று. முதல் வாரம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த நிம்மதியில்தான் நாம் கோட்டை விடுகிறோம். ஆலை ஓடிய காலத்தில் பயந்தோம், மூடியதும் பயத்தை விட்டுவிட்டோம். ஆனால் ஊர் உண்மையிலேயே பயப்பட வேண்டிய சமயம் ஒன்று இருக்கிறது. மூடிய ஆலையின் மண்ணைத் தோண்ட ஆரம்பிக்கும் சமயம் அது.

ஈயம், குரோமியம், காட்மியம் போன்ற உலோகங்கள் மக்கிப் போவதில்லை. முப்பது வருடமானாலும் அதே மண்ணில் அப்படியே கிடக்கும். மேலே புல் முளைத்து மண் இறுகிக் கிடக்கும்வரை பெரும்பகுதி எழும்பாது. மெல்ல மெல்லக் கிணற்றுத் தண்ணீரில் இறங்கும், அதுவும் ஆபத்துதான். ஆனால் கடப்பாரை விழுந்த அடுத்த நிமிடமே அது காற்றுக்கு வந்துவிடுகிறது. காய்ந்த மண் லாரியில் ஏறும்போது தூசி, சக்கரத்தில் ஒட்டிய சேறு ரோட்டில் காய்ந்த பிறகு மறுபடியும் தூசி. அது வீட்டுக்குள் வர யார் அனுமதியும் வேண்டியதில்லை.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கிலாந்தின் கார்பி நகரத்துக் கதையைக் கேளுங்கள். நார்தாம்ப்டன்ஷயரில் இருக்கும் இந்த ஊர் 1930-களில் இரும்பாலையால் வளர்ந்தது. வேலைக்காக ஸ்காட்லாந்திலிருந்து அத்தனை பேர் வந்து குடியேறியதால் ‘குட்டி ஸ்காட்லாந்து’ என்றே அதற்குப் பட்டப்பெயர். 1980-ல் அங்கே எஃகு உருக்குவது நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஊரைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று நகர மன்றம் சுமார் 680 ஏக்கர் ஆலை நிலத்தை வாங்கி, சுத்தம் செய்து, புதுத் தொழில்களுக்கும் கடைகளுக்கும் கொடுக்க முடிவெடுத்தது. நல்ல நோக்கம். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆலையின் கழிவுக் குட்டைகளில் காட்மியம், குரோமியம், நிக்கல் எல்லாம் கலந்த சேறு இருந்தது. அதை அள்ளி, ஊர் ரோடுகள் வழியாக லாரிகளில் ஏற்றி, பழைய சுரங்கப் பள்ளம் ஒன்றில் கொட்டினார்கள். வருடக்கணக்கில் நடந்த வேலை. லாரிகள் மூடப்படவில்லை. சக்கரங்களைச் சரியாகக் கழுவவில்லை. சேறு ரோட்டில் வழிந்தது, காய்ந்தது, பறந்தது. கார்களின் மேலும் ஜன்னல்களின் மேலும் தூசி படிந்ததை ஊர்க்காரர்கள் பிற்பாடு நீதிமன்றத்தில் சொன்னார்கள்.

அதே வருடங்களில் அந்த ஊரில் சில குழந்தைகள் விரல்கள் இல்லாமலும் கை முழுதாக வளராமலும் பிறந்தன. அந்தத் தாய்மார்களில் பெரும்பாலோர் ஆலைக்குள் கால் வைத்தவர்கள் இல்லை. கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் அந்த ஊரில் இருந்தார்கள், மூச்சு விட்டார்கள், அவ்வளவுதான். கருவில் கையும் காலும் உருவாவது அந்த முதல் இரண்டு மாதத்தில்தான்; பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே உறுதியாகத் தெரியாத சமயம். தன் குழந்தைக்கு மட்டும்தான் இப்படி, தான்தான் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று ஒவ்வொரு தாயும் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தாள். ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டு, கணக்குப் பார்த்து, வழக்குப் போடவே வருடங்கள் ஓடிவிட்டன.

2009 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1989 முதல் 1999 வரை கார்பியில் இப்படிப் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை தற்செயல் என்று ஒதுக்கிவிடக் கூடியது இல்லை. சுத்தப்படுத்தும் வேலையை நகர மன்றம் அலட்சியமாக நடத்தியது. அதிலிருந்து கிளம்பிய பொருட்கள் இப்படிப்பட்ட குறைகளை உண்டாக்கக் கூடியவை என்றது தீர்ப்பு. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகக் காரணம் தீர்மானிக்கும் கட்டத்துக்குப் போகாமலே, 2010-ல் மன்றம் மேல்முறையீட்டைக் கைவிட்டது. 19 பேருக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. 2025-ல் இந்தக் கதை நெட்ஃப்ளிக்ஸில் ‘டாக்சிக் டவுன்’ என்ற தொடராகக்கூட வந்தது. நேரம் இருந்தால் பாருங்கள், தூக்கம் வராது.

மறுபடி சொல்கிறேன். அந்த மன்றம் ஆலை நடத்திய குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கவில்லை. சுத்தம் செய்த விதத்துக்காக நின்றது.

அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரத்தில் லவ் கெனால் என்ற பகுதியிலும் இதே பாடம்தான். ஹூக்கர் கெமிக்கல் கம்பெனி பழைய கால்வாய் ஒன்றில் 20 ஆயிரம் டன்னுக்கும் மேல் ரசாயனக் கழிவைப் புதைத்து, மேலே களிமண் போட்டு மூடி, 1953-ல் பள்ளி நிர்வாகத்துக்கு வெறும் ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. கீழே ரசாயனம் இருக்கிறது என்று பத்திரத்திலேயே இருந்தது! படித்தும் பள்ளிக்கூடம் கட்டினார்கள். சாக்கடைக்கும் ரோட்டுக்கும் பள்ளம் வெட்டியபோது அந்தக் களிமண் மூடி உடைந்தது. 1978-ல் அவசர நிலை அறிவித்து, குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

இதற்காக ஆலை நிலத்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொட வேண்டும். தொடாமல் விட்டால் கிணறு கெடும். 2012 ஒலிம்பிக் பூங்கா அமைந்த கிழக்கு லண்டன் நிலமும் பழைய தொழிற்சாலைகளும் குப்பையுமாகக் கிடந்த இடம்தான். அங்கே மண் கழுவும் இயந்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்தி, தோண்டிய மண்ணைக் கழுவி, பெரும்பகுதியை அதே இடத்திலேயே திரும்பப் போட்டார்கள். கார்பி இருக்கும் அதே நாட்டில்தான் இதுவும் நடந்தது. தோண்டுவதற்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாகத் துளை போட்டு மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிப்பது, நனைத்துத் தோண்டுவது, லாரியை மூடுவது, வாசலிலேயே சக்கரத்தைக் கழுவுவது, சுற்றிலும் காற்றை அளக்கும் கருவி வைப்பது... இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. செலவு. அவ்வளவுதான். அந்தச் செலவை மிச்சப்படுத்தத்தான் ராத்திரியில் தோண்டுகிறார்கள்.

நம் பக்கம் வருவோம். ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடிய குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு மலையாகக் கிடப்பது ஊரறிந்த விஷயம். மழை பெய்தால் மஞ்சள் நீர் வடிவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கொடைக்கானலில் 2001-ல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் கதையும் தெரியும். பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி அங்கே மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் டன் கணக்கில் கிடந்து பிடிபட்டதால்தான் விஷயம் வெடித்தது. பிறகு அந்த மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்று வரம்பு வைத்தபோது, சோலைக்காட்டுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வரம்பா என்று ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் கொதித்தார்கள். நியாயமான கொதிப்பு. ‘சுத்தம் செய்தாயிற்று’ என்று யாராவது சொன்னால் உடனே கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: எவ்வளவு மிச்சம் வைத்துவிட்டுச் சொல்கிறீர்கள்?

இவை பெயர் தெரிந்த இடங்கள். பெயரே தெரியாத முலாம் பட்டறை, சாயப் பட்டறை, ஃபவுண்டரி, தோல் ஷெட் எத்தனை? ஒவ்வொரு ஊரிலும் ஊர் வளர வளர அவை நடு ஊராகிவிட்டன. மனை விலை ஏறியதும் கண்ணில் படுகின்றன. 20 ஆயிரம் சதுர மீட்டருக்குக் குறைவான கட்டுமானம் என்றால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த ஓட்டை வழியாக எத்தனையோ கட்டடங்கள் எழும்பலாம்.

சட்டம் ஒன்று இப்போதுதான் வந்திருக்கிறது. மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். தகவல் வந்த 90 நாட்களுக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். அதுவரை நாடு முழுக்க அடையாளம் கண்ட மாசடைந்த இடங்கள் 103. சுத்தம் செய்யும் வேலை தொடங்கியது ஏழே இடங்களில். உங்கள் தெருமுனைப் பட்டறை அந்தப் பட்டியலில் தானாக ஏறிவிடாது. யாராவது எழுதிக் கொடுத்தால்தான் ஏறும்.

ஃப்ளாட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வில்லங்கச் சான்றில் கடன் தெரியும், ஈயம் தெரியாது. மூலப்பத்திரத்தை வக்கீல் பார்ப்பார், பாகப்பிரிவினை சரியா என்று. அந்த நிலத்தில் என்ன தொழில் நடந்தது என்று பார்க்க மாட்டார். அதை டீக்கடையில் போய்க் கேளுங்கள். அறுபது வயதுக்காரர் ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். பட்டறை என்று தெரிந்தால் மண் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். கட்டடம் தாங்குமா என்று பார்க்கிற அறிக்கையை நீட்டுவார்கள். ஏமாறாதீர்கள், அதில் உலோக அளவு இருக்காது. போர்வெல் தண்ணீரைச் சோதிக்கும்போதும் உப்பும் கடினத்தன்மையும் மட்டும் போதாது. ஈயம், குரோமியம் என்று தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, எனக்கு அதிகம் பயம் தருவது. அள்ளிய அந்த மண் எங்கே போகிறது? தாழ்வான மனையை உயர்த்த ‘ஒரு லோடு மண் அடிக்கணும்’ என்று நாமே அலைகிறோம். மலிவாக வருகிறது என்று சந்தோஷப்படுகிறோம். பட்டறை மண் அப்படி வேறொரு வீட்டின் தோட்டத்துக்கு, முருங்கை மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தால் யாருக்குத் தெரியும்? கறுத்த மண், கசடு, உடைந்த பேட்டரி ஓடு கலந்த மண் வந்தால் லாரியை அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

பக்கத்தில் தோண்டும் வேலை நடந்தால் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் முடிந்தால் கொஞ்ச நாள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். முடியாவிட்டால் அந்தப் பக்க ஜன்னலைச் சாத்துங்கள், துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், துணியை உள்ளே காயப் போடுங்கள், குழந்தையின் கையைச் சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈயத்தில் குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்ற அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் தெருவில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். லாரி நம்பர்களை எழுதி, தேதி போட்டு, போட்டோ இணைத்தோம். இரண்டு நாள் தண்ணீர் லாரி வந்து ரோட்டை நனைத்தது. மூன்றாம் நாள் வரவில்லை. தோண்டிய பள்ளம் தெருமட்டத்துக்குப் பத்தடி கீழே திறந்தே கிடக்கிறது. அதன் ஓரத்தில்தான் எங்கள் தெரு மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது. ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று வாரம்.