கறுப்புக் கொடி சொல்வது என்ன?

புத்தூர் மக்களுக்குச் செங்கொடி புதியதொன்றல்ல. வலிகாமத்தில் இடதுசாரி இயக்கம் வேரூன்றிய ஊர்களுள் அதுவும் ஒன்று. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சாதிக் கொடுமைக்கெதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிஸாரின் தடியடிக்கு முகங்கொடுத்த காலந்தொட்டு, குடாநாட்டின் ஒடுக்கப்பட்ட கிராமங்களில் அக்கொடிக்கென ஒரு தனி மரியாதை உண்டு. எனினும், மே தினத்தன்று அக்கொடியை ஏந்தி நடப்போரில் எத்தனை பேர், அத்தினத்துக்குக் காரணமான சிக்காகோ தியாகிகள் வேறொரு கொடியின் கீழும் நின்றவர்கள் என்பதை அறிவர்?

எட்டு மணிநேர வேலைநாளுக்கான போராட்டத்தையடுத்து 1887 நவம்பர் 11ஆம் திகதி தூக்கிலிடப்பட்ட பார்சன்ஸ், ஸ்பைஸ், பிஷர், ஏங்கல் ஆகிய நால்வரும் அரசின்மைவாதிகள். அரசு என்ற அமைப்பே வேண்டாம், மனிதர் தமக்குள் இணங்கிக் கூட்டாக வாழ இயலும் என்பது அவர்களது கொள்கை. 1884ஆம் ஆண்டிலேயே சிக்காகோ வீதிகளில் அவர்களது இயக்கம் செங்கொடியுடன் கறுப்புக் கொடியையும் தூக்கிச் சென்றிருந்தது.

இக்கொள்கையைத் தமிழில் 'அராஜகவாதம்' என்று எழுதுவதும் உண்டு. சொல்லின் பொருளைப் பார்த்தால் அதில் தவறில்லை. அராஜகம் என்றால் அரசன் இல்லாத நிலை. கிரேக்க மூலச்சொல்லும் ஆள்வோர் இல்லாமையையே குறிக்கின்றது. ஆனால் கடையுடைப்புக்கும் காடைத்தனத்துக்கும் 'அராஜகம்' என்று தலைப்பிட்டுப் பழகிவிட்ட நமது செய்தித்தாள்களில் அச்சொல் பொருளிழந்து வெகுகாலமாகிவிட்டது. ஆகவே அரசின்மைவாதம் என்ற சொல்லையே நாம் இங்கு கையாளுகின்றோம்.

கறுப்பு ஏன்? 1831இல் பிரான்ஸின் லியோன் நகரப் பட்டு நெசவாளர்கள் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்தபோது, உழைத்து வாழ்வோம், இன்றேல் போரிட்டு மடிவோம் என்று எழுதிய கறுப்புக் கொடியை ஏந்தினர். அது அன்று ஒரு தத்துவத்தின் சின்னமல்ல, பசியின் சின்னம். அதனைத் தத்துவத்தோடு பிணைத்தவர்களுள் முதன்மையானவர் லூயிஸ் மிஷேல் என்ற ஆசிரியை. 1871 பாரிஸ் கொம்யூனில் போராடியமைக்காக நியூ கலிடோனியாத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு மீண்டவர் அவர். 1883 மார்ச் 9ஆம் திகதி பாரிஸில் வேலையற்றோர் ஊர்வலத்தில் பழைய கறுப்புத் துணியொன்றைக் கோலில் கட்டி முன்னே நடந்தார். வழியில் பாண் கடைகள் சூறையாடப்பட்டன. நீதிமன்றம் அவருக்கு ஆறாண்டுச் சிறை விதித்தது. கொம்யூனில் மாண்டோருக்கான துக்கமும் பட்டினி கிடப்போரின் கோபமும் ஒருசேர அத்துணியில் இருந்தன. நாடுகளின் வண்ணக் கொடிகள் அனைத்தையும் மறுக்கும் கொடி, கொடிகளுக்கே எதிரான கொடி என்ற விளக்கமும் பின்னர் அதனுடன் சேர்ந்துகொண்டது.

1872இல் ஹேக் மாநாட்டில் மார்க்ஸ் அணியும் பக்கூனின் அணியும் பிரிந்தன. அதன் பின்னரே செம்மையும் கறுப்பும் மெல்ல மெல்ல வெவ்வேறு முகாம்களின் நிறங்களாயின. ஸ்பானியத் தொழிற்சங்கத்தினரோ இரண்டையும் விட்டுவிட மனமின்றி, மூலைவிட்டமாக வெட்டிய செங்கறுப்புக் கொடியைத் தமதாக்கினர். 1921 பெப்ரவரியில் குரொபொட்கினின் இறுதி ஊர்வலத்தில் மொஸ்கோ வீதிகளில் கறுப்புக் கொடிகள் சென்றன. சோவியத் ஆட்சியில் அவ்வளவு பெரிய அளவில் அவை பகிரங்கமாகப் பறந்தது அதுவே கடைசித் தடவை. வட்டத்துக்குள் ஆங்கில 'ஏ' எழுத்தை இட்டுச் சுவர்களில் வரையும் சின்னம் மிகப் பிந்தியது. 1964இல் பாரிஸ் இளைஞர் குழுவொன்று முன்வைத்தது.

தமிழருக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 1887இல் சென்னையில் பிறந்த எம்.பி.ரி. ஆச்சாரியா, பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகையோடு தொடர்புடையவர். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தோருள் ஒருவர். பின்னர் கட்சியோடு முரண்பட்டு பேர்லினில் அரசின்மைவாதியானார். 1954இல் பம்பாயில் வறுமையில் மறையும் வரை அக்கொள்கையை விடவில்லை. அவரைப் பற்றி நமது மாணவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

நம்மிடையே கறுப்பு வேறு வழியால் வந்தது. தமிழகத்தில் பெரியாரின் திராவிடர் கழகம் 1946இல் ஏற்ற கொடியில் கறுப்பு இழிநிலையையும் நடுவிலுள்ள சிவப்பு வட்டம் அதனைப் போக்கும் முயற்சியையும் குறித்தன. நிறங்கள் ஸ்பானியருடையவை போலவே இருந்தாலும் பொருள் முற்றிலும் வேறு. இலங்கையில் 1957 பெப்ரவரி 4ஆம் திகதி, சுதந்திர தினத்தன்று, திருகோணமலையில் கறுப்புக் கொடி ஏற்ற முற்பட்ட நடராஜன் என்ற இளைஞர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் கேட்டது அரசு ஒழிய வேண்டும் என்பதல்ல; அரசு தம் மக்களுக்கும் நீதி வழங்க வேண்டும் என்பதே. 2017இல் புத்தூர் மேற்கு கலைமதி கிராமத்தவர் குடிமனைகளின் நடுவேயுள்ள மயானத்தை அகற்றக் கோரிச் சத்தியாக்கிரகம் இருந்தபோதும் கோரிக்கை அதிகாரிகளை நோக்கியே இருந்தது. லூயிஸ் மிஷேலின் கொடி அரசுக்கு முதுகு காட்டியது. நமது கொடி இன்றளவும் அரசின் முகத்தை நோக்கியே பிடிக்கப்படுகின்றது. இது பலவீனமா, பொறுமையா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது ஆபத்தானது.

ஏனெனில், நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிக்கும் வழக்கம் இந்நாட்டில் ஏற்கனவே போதிய தீங்கு செய்துவிட்டது. தமிழர் 1983ஐக் கறுப்பு யூலை என்கின்றனர். 1990இல் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் அதனைக் கறுப்பு ஒக்டோபர் என்கின்றனர். இரு சாராருக்கும் கறுப்பு துக்கத்தின் பெயர். இஸ்லாமிய வரலாற்றிலோ அதற்கு இன்னொரு பொருளுமுண்டு. 747இல் குராசானில் உமையாக்களுக்கு எதிராகக் கறுப்புக் கொடி உயர்த்திய அப்பாஸியர், வெற்றிபெற்றபின் அதனையே அரச நிறமாக்கிக் கொண்டனர். எதிர்ப்பின் நிறம் ஆட்சியின் நிறமாயிற்று. அந்நிறத்தைப் பயங்கரவாத அமைப்பொன்று நம் காலத்தில் கவர்ந்துகொண்டதன் விலையை 2019 ஏப்ரல் 21இன் பின்னர் செலுத்தியவர்கள், அவ்வமைப்போடு எவ்வித சம்பந்தமுமற்ற சாதாரண முஸ்லிம்கள்.

கறுப்பு அங்கியும் அரபு எழுத்தும் மட்டுமே சந்தேகத்துக்கு உள்ளாகவில்லை. அவ்வாண்டு மே மாதம் ஹசலக்க பொலிஸார் முஸ்லிம் பெண்ணொருவரை, அவரது உடையில் தர்மசக்கரம் அச்சிடப்பட்டிருப்பதாகக் கூறிக் கைது செய்து தடுத்து வைத்தனர். அதில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம்.