லாரி டயரிலிருந்து பறக்கும் கல்

மேட்டூரிலிருந்து மேச்சேரி வழியாக ஓமலூருக்குப் போகும் சாலையில் பயணம் செய்திருக்கிறீர்களா? ஜல்லி ஏற்றிய லாரிகளும், அனல் மின் நிலையத்துச் சாம்பலை ஏற்றிய லாரிகளும் அடிக்கடி எதிர்ப்படும். மேட்டூர் அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் திறனுள்ள அலகுகள் நான்கும், 600 மெகாவாட் திறனுள்ள அலகு ஒன்றும் உள்ளன. நம் நாட்டு நிலக்கரியில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல் இருப்பதால், அதை அள்ளிச் செல்லவே நிறைய லாரிகள் வேண்டும். அப்படிப்பட்ட ஒரு லாரிக்குப் பின்னால் கார் போகும்போது "டக்" என்று ஒரு சத்தம். முன்கண்ணாடியில் நட்சத்திரம் போல ஒரு கீறல்! மொபெட்டில் போகிறவருக்கோ முன்கண்ணாடி கூட இல்லை. கல் படுவது முகத்தில்தான்.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது? எவ்வளவு வேகத்தில் வந்தது? அதைத் தடுக்க முடியுமா? நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலே இவற்றுக்கு விடை சொல்லிவிடும்.

டயர் என்னும் கவண்

லாரி டயரின் பள்ளங்களில் சிறு கற்கள் சிக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். டயர் சுழலும்போது அந்தக் கல்லும் வட்டப்பாதையில் சுழல்கிறது. வட்டப்பாதையில் செல்லும் எந்தப் பொருளுக்கும் மையத்தை நோக்கிய விசை ஒன்று தேவை அல்லவா? 20 கிராம் எடையுள்ள கல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். லாரியின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 16.7 மீட்டர். டயரின் ஆரம் அரை மீட்டர். கணக்கிட்டுப் பாருங்கள்: சுமார் 11 நியூட்டன் விசை வேண்டும். இது ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான எடையைத் தூக்கிப் பிடிக்கும் விசைக்குச் சமம். அவ்வளவு இறுக்கமாக ரப்பர் பிடித்திராவிட்டால் கல் விடுபட்டுவிடும்.

டயர் தரையைத் தொடும் இடத்தில் சுமையால் நசுங்குகிறது. தரையை விட்டு எழும்போது மீண்டும் விரிகிறது. அந்த நேரத்தில் பிடி தளர்வதால், கற்கள் பெரும்பாலும் தரையை விட்டு எழுந்த சிறிது தூரத்திலேயே கழன்றுவிடுகின்றன. கழன்ற கல், வட்டத்தின் தொடுகோட்டுத் திசையில் செல்லும். கவணில் கல் விடுபடுவதும் இப்படித்தான்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் டயரை ஈரமாக்கிச் சுழற்றுங்கள். நீர்த்துளிகள் மையத்திலிருந்து நேர் வெளியே போகின்றனவா, தொடுகோட்டில் போகின்றனவா என்று கவனியுங்கள். சுழலும் சக்கரத்தின் கம்பிகளுக்கு அருகே மட்டும் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

கல் பின்னோக்கிப் பறக்கிறதா?

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளியின் வேகம், தரையைப் பொறுத்து, பூஜ்யம்! சக்கரத்தின் உச்சியோ வண்டியைப் போல இரு மடங்கு வேகத்தில் முன்னே போகிறது. எனவே தரையை விட்டு 30 பாகை எழுந்தபின் கழலும் கல்லுக்கு, சாலையோரத்தில் நிற்கும் உங்கள் பார்வையில், மேல்நோக்கிய வேகம் வினாடிக்கு 8.3 மீட்டர், முன்நோக்கிய வேகம் வினாடிக்கு 2.2 மீட்டர். ஆம், கல் பின்னோக்கிப் பறக்கவே இல்லை. மேலே எழும்பி, மெல்ல முன்னேதான் நகர்கிறது. பின்னால் வரும் கார்தான் ஓடி வந்து அதன்மேல் மோதுகிறது!

ஆனால் காருக்குள் இருப்பவருக்கு இந்த ஆறுதல் பயன்படாது. லாரியோடு சேர்ந்து ஓடும் காரிலிருந்து பார்த்தால், கல் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்பட்டது போலவே தோன்றும். மோதலில் முக்கியமானது இந்தச் சார்பு வேகமே.

இதிலிருந்து மிகவும் பயனுள்ள முடிவு ஒன்று கிடைக்கிறது. எறிபொருளின் அதிகபட்ச வீச்சு, வேகத்தின் இருமடியைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் கிடைக்கும் என்று படித்திருக்கிறீர்கள். லாரி மணிக்கு 40 கிலோமீட்டரில் சென்றால் கல் டயருக்குப் பின்னால் 13 மீட்டர் வரை வரும். 60-இல் 28 மீட்டர் வரை. 80-இல் 50 மீட்டர் வரை. வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகிறது. காற்றின் தடை இதைச் சற்றுக் குறைக்கும். ஆனால் கீழே விழுந்த கல் மீண்டும் துள்ளவும் செய்யும்.

எனவே லாரிக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி வேண்டும்? லாரி ஒரு மைல்கல்லைக் கடந்ததும் "ஓராயிரத்து ஒன்று, ஓராயிரத்து இரண்டு, ஓராயிரத்து மூன்று" என்று நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகே உங்கள் வண்டி அந்த மைல்கல்லை அடைய வேண்டும். ஏறத்தாழ மூன்று வினாடிகளாகும் இந்த இடைவெளி, மணிக்கு 60 கிலோமீட்டரில் 50 மீட்டர். 80-இல் 67 மீட்டர். இரண்டிலும் கல்லின் வீச்சை விட இது அதிகம்.

சுமையிலிருந்து விழும் கல்

டயரிலிருந்து தெறிக்கும் கல் ஒருவகை என்றால், சுமையிலிருந்து உருண்டு விழும் கல் மற்றொரு வகை. அது விழும்போது லாரியின் வேகத்தையே கொண்டிருக்கும். ஆகவே எதிரே வரும் வண்டிக்குத்தான் அது பேராபத்து. இரு வண்டிகளும் மணிக்கு 48 கிலோமீட்டரில் எதிரெதிரே வந்தால், மோதும் வேகம் 96 கிலோமீட்டர். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பது உங்களுக்குத் தெரியும். அந்த 120 அடி உயரத்திலிருந்து கீழே போட்ட கல் தரையை அடையும் வேகமும் கிட்டத்தட்ட இதுவேதான்! ஜல்லி லாரியைத் தார்ப்பாய் போட்டு மூடுவது தூசிக்காக மட்டுமல்ல என்பது இப்போது புரிகிறதா?

ரப்பர்த் தட்டியின் கணக்கு

லாரியின் பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு ரப்பர்த் தட்டி தொங்கும். ஓட்டுநர்கள் இதை "மட் பிளாப்" என்பார்கள். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கத்து லாரிகளில் பெயரும் படமும் எழுதி அழகுபடுத்துவார்கள். ஆனால் அதன் வேலை அழகு மட்டுமல்ல.

டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து 80 சென்டிமீட்டர் பின்னால் தட்டி தொங்குகிறது என்று கொள்வோம். அதன் அடி விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், சுமார் 23 பாகை வரை சாய்வாக எழும் கற்கள் அதற்கடியில் தப்பிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அவை 2 மீட்டர் உயரம் வரை எழும்பும். காரின் முன்கண்ணாடியும் இரு சக்கர வண்டிக்காரரின் முகமும் அந்த உயரத்துக்குள்தான் இருக்கின்றன. அதே தட்டியை 15 சென்டிமீட்டர் வரை இறக்கிவிட்டால், தப்பும் கோணம் சுமார் 11 பாகையாகக் குறையும். கற்கள் அரை மீட்டருக்குச் சற்று மேல்தான் எழும்பும். காரின் பம்பரோடு நின்றுவிடும். ஒரு சாண் ரப்பர் கூட இல்லை. ஆனால் ஒருவரின் கண்ணைக் காக்கிறது!

லாரிகளின் பின்புறம் இரண்டிரண்டு டயர்கள் ஜோடியாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த இடுக்கில் பெரிய கல்லே சிக்கிக்கொள்ளும். அது டயரையும் அறுக்கும். விடுபட்டால் பின்னால் வருபவரையும் தாக்கும். அனுபவமுள்ள கிளீனர்கள் வண்டி நின்றதும் இறங்கி டயர்களைச் சுற்றிப் பார்ப்பதும், இரும்புக் கம்பியால் கல்லை நெம்பி எடுப்பதும் இதற்காகவே.

கட்டி இழுக்கப்படும் வண்டி

அமெரிக்காவில் சிலர் சமையலறையும் படுக்கையும் கொண்ட பெரிய மோட்டார் வீட்டில் ஊர் சுற்றுகிறார்கள். அதன் பின்னால் தங்கள் சிறிய காரையும் மாட்டி இழுத்துச் செல்கிறார்கள். நம் ஊரில் பழுதான காரை வேறொரு வண்டியில் கட்டி இழுப்பதைப் பார்க்கிறோம். இந்தப் பின்வண்டியின் நிலை பரிதாபமானது. மூன்று வினாடி இடைவெளி என்பது அதற்குக் கிடையாது. முன்சக்கரத்தார் எறியும் கல்லை மூன்று நான்கு மீட்டரில், வேகம் குறையாமலேயே, வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதற்குத் தடுப்பு ஒன்றே வழி. எங்கே வைப்பது? மின்விளக்குக்கு அருகே கையை நீட்டினால் சுவரில் பெரிய நிழல் விழும். தள்ளி வைத்தால் சிறிய நிழல்தான். அதுபோல, டயருக்கு அருகே உள்ள சிறிய தட்டி பல கோணங்களில் எழும் கற்களை மறிக்கும். தூரத்தில் வைத்தால் தட்டி பெரிதாக இருக்க வேண்டும். ஆகவே முதல் தடுப்பு சக்கரத்தின் அருகே. அடுத்தது முன்வண்டியின் பின்புறம் முழு அகலத்துக்கும் தொங்கும் ரப்பர் அல்லது தூரிகை. கடைசியாக இழுக்கப்படும் காரின் மூக்குக்கு ஒரு திரை.

திரை மென்மையாக இருப்பது நல்லது. கடினமான பலகையில் பட்ட கல் திரும்பித் துள்ளி முன்வண்டியின் பின்புறத்தையே பதம் பார்க்கும். கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கைகளைப் பின்னே இழுப்பீர்கள் அல்லவா? பந்து நிற்க ஆகும் நேரம் கூடுவதால் விசை குறைகிறது. தொங்கும் ரப்பரும் அதையே செய்கிறது.

கடைசிக் காவல் கண்ணாடி

இவ்வளவையும் தாண்டிக் கல் வந்துவிட்டால்? 1903-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலார் எதுவார் பெனடிக்டஸின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டதே தவிர, சிதறவில்லை. உள்ளே முன்பு வைத்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் உலர்ந்து, ஒரு மெல்லிய படலமாகச் சில்லுகளைப் பிடித்து வைத்திருந்தது. இதிலிருந்து பிறந்ததே அடுக்குக் கண்ணாடி. இன்று இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டுகிறார்கள். வண்டிகளின் முன்கண்ணாடி இத்தகையதாக இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன.

கல் பட்டால் வெளித்தகடு மட்டும் விரிசல் விடும். உடனே பிசின் செலுத்திச் சரிசெய்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். விட்டுவைத்தால் மேட்டூர் வெயிலில் சூடேறி விரிவதும் பின்பு குளிர்ந்து சுருங்குவதுமாகக் கீறல் நீண்டுகொண்டே போகும். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கூடாது.

இரு சக்கர வண்டியில் பின்னால் அமர்ந்து பள்ளிக்குப் போகிறவர்கள் உங்களில் பலர். தலைக்கவசத்தின் முகமூடி உங்கள் முன்கண்ணாடி; அதை இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவரிடம் மூன்று வினாடிக் கணக்கையும் சொல்லுங்கள். ஊரில் லாரிகள் நிற்கும் இடத்தில், ஓட்டுநரிடம் அனுமதி கேட்டு, தரையிலிருந்து ரப்பர்த் தட்டி எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் தொங்குகிறது என்று அளந்து குறித்து வாருங்கள். அந்த லாரி மணிக்கு 50 கிலோமீட்டரில் சென்றால் கல் எவ்வளவு உயரம் எழும்பும்? கணக்கிட்டு, விடையை அந்த ஓட்டுநருக்கும் சொல்லுங்கள்.