வன்தட்டும் அதன் தோம்பும்

ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரு பணிசெயல் முறைமைகளையும் அமைத்து, வேண்டியபோது வேண்டியதைத் தொடக்கி வேலைசெய்வோர் எம் மாணவருள்ளும் ஆசிரியருள்ளும் உளர். ஒன்றில் எழுதிய கோப்பை மற்றொன்று திறவாது. திறப்பினும் திருத்த விடாது. கோப்புப் பழுதாயிற்றென்று எண்ணி அழித்துவிட்டுப் பின்னர் வருந்தினோரை நாம் அறிவோம். ஆதலின், இதன் காரணத்தை ஈண்டு விளக்க முற்பட்டோம்.

ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துக் காணிகளுக்குத் தோம்பு எழுதப்பட்டது. வன்தட்டுக்கும் அத்தகைய ஏடு ஒன்றுண்டு. எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது, அதன் அளவு யாது, எழுதிய நாள் எது என்பனவற்றை அதுவே காட்டும். அதனைக் கோப்பு முறைமை என்பர். தோம்பின் எழுத்தை வாசிக்க அறியாதவனுக்குக் காணி இருந்தும் இல்லாததே.

விண்டோஸின் தோம்பு 1993இல் வந்த என்.ரி.எவ்.எஸ். ஆகும். லினக்ஸில் பெரிதும் வழங்குவது 2008இல் நிலைபெற்ற ஈ.எக்ஸ்.ரி.4. இப்பின்னையதை விண்டோஸ் தானாக வாசியாது. அத்தகைய தட்டை இணைத்தால், 'வடிவமைக்க வேண்டும்' என்று அது கேட்பதுமுண்டு. அதற்கு இசைந்தால் தோம்பு அழியும். இவ்விடத்திலேயே பலர் இடறுகின்றனர்.

லினக்ஸ் என்.ரி.எவ்.எஸ்.ஐ வாசிக்கவும் எழுதவும் வல்லது. ஆயினும் 2012இல் வந்த விண்டோஸ் 8 முதலாக 'விரைவுத் தொடக்கம்' என்றொரு வசதி உண்டு. அது இயங்கின், கணினியை நிறுத்தியபோதும் விண்டோஸ் முற்றாக உறங்குவதில்லை. தோம்பு பாதி திறந்தபடியே கிடக்கும். லினக்ஸ் அதனைக் கண்டு, வாசிக்க மட்டும் இடங்கொடுக்கும். இது குறையன்று, காவலே. மின்வலுத் தெரிவுகளில் அவ்வசதியை நிறுத்திவிடல் வேண்டும்.

இரண்டிற்கும் பொதுவாக எவ்.ஏ.ரி.32ஐக் கொள்வாருமுளர். அதில் கோப்பின் அளவைக் குறிக்க 32 பிற்றுகளே உள. எனவே 4 கிகாபைற்றை எட்டும் கோப்பு அதில் அடங்காது. பரிசளிப்பு விழா ஒன்றின் ஒளிப்பதிவைப் பென் டிரைவில் ஏற்ற முயன்று, அதில் இடம் மிகுதியாயிருந்தும் இயலாது திகைத்தோம். 2006இல் வந்த எக்ஸ்-எவ்.ஏ.ரி. அத்தடையை நீக்கிற்று. ஆனால் எழுதிக்கொண்டிருக்கையில் அதனைப் பிடுங்குதல் ஆகாது. இடையில் அறுந்த வேலையைச் சீர்செய்யும் குறிப்பேடு அதற்கில்லை.

தமிழாசிரியராகிய எமக்கு இதனினும் அணித்தான இடர் பெயரில் உள்ளது. ஈ.எக்ஸ்.ரி.4இல் ஒரு கோப்பின் பெயர் 255 பைற்றுகளுக்கு மேற்படலாகாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைற்று; தமிழில் 'க' என்பதற்கு மூன்று, 'கி' என்பதற்கு ஆறு. என்.ரி.எவ்.எஸ். பைற்றைக் கணக்கிடாது 255 குறியீடுகளை ஏற்பதால், அங்கே நின்ற நீண்ட தமிழ்ப் பெயர் லினக்ஸின் தட்டுக்குப் பெயர்க்கையில் மறுக்கப்படும். மறுதலையாக, வினாக்குறி, முக்காற்புள்ளி கொண்ட பெயரை லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏலாது. எம்மவர் கட்டுரைத் தலைப்புகளோ வினாக்குறியின்றி முடிவது அரிது! இம்மலருக்கு வந்த கட்டுரைகளுக்கு, தலைப்பைப் பெயராக இடாது, இலக்கத்தோடு இரு சொல்லளவான பெயரே இட்டு வைத்திருக்கின்றோம்.