காக்ஸ் டவுனை உருவாக்கிய மதில்: காவிரிக்கரையில் கேட்பாரற்றுக் கிடக்கிறது

பெங்களூரு காக்ஸ் டவுனில் தமிழ் ஒலிக்காத தெருவைக் காண்பது அரிது. கோயில் திருவிழாச் சுவரொட்டிகளிலும் தேவாலய அறிவிப்புப் பலகைகளிலும் தமிழ் இருக்கிறது. கன்னட நாட்டின் தலைநகரில் இத்தனை தமிழர்கள் எப்படி வந்து குடியேறினர் என்று கேட்டால், "வெள்ளைக்காரன் காலத்தில் வந்தோம்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். அது சரியான பதில்தான். ஆனால், வெள்ளைக்காரர் ஏன் இங்கு வந்தனர் என்பதற்கான விடை பெங்களூரில் இல்லை. சுமார் 125 கி.மீ. தொலைவில், காவிரி இரண்டாகப் பிரிந்து அணைத்துச் செல்லும் ஸ்ரீரங்கப்பட்டணம் தீவில், மரவேர்கள் பிளந்துகொண்டிருக்கும் ஒரு கோட்டை மதிலில் இருக்கிறது.

1799 மே 4-ஆம் தேதி நண்பகலுக்குப் பின், அம்மதிலின் வடமேற்கு மூலையில் பீரங்கிகள் உண்டாக்கிய உடைப்பு வழியே கிழக்கிந்தியக் கம்பெனிப் படை நுழைந்தது. திப்பு சுல்தான் அன்றே போரில் வீழ்ந்தார். வென்ற படை கோட்டைக்குள்ளேயே முகாமிட்டது. ஆனால், போரில் தப்பியவர்களைக் காய்ச்சல் விடவில்லை. கொசுக்கள் மலிந்த தீவில் படையை வைத்திருக்க முடியாது என்று முடிவு செய்த கம்பெனி நிர்வாகம், 1809-இல் அதைப் பெங்களூருக்கு மாற்றியது. அப்படிப் பிறந்ததுதான் கண்டோன்மெண்ட்.

மாறியது மதராஸ் ராணுவம் என்பதால் அதனுடன் தமிழ்ச் சிப்பாய்கள் வந்தனர். அவர்களுக்குப் பின்னால் அரிசி மண்டிக்காரர்கள், கொத்தனார்கள், தையற்காரர்கள், சமையற்காரர்கள், சலவைத் தொழிலாளர்கள் வந்தனர். இன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இயங்கும் அட்டாரக் கச்சேரியைக் கட்டிய ஒப்பந்ததாரர் ஆர்காடு நாராயணசாமி முதலியார் இந்தக் கண்டோன்மெண்ட் தமிழர்களில் ஒருவரே. 1881-இல் மைசூர் அரசு உடையார்களிடம் திருப்பித் தரப்பட்டபோதும் கண்டோன்மெண்ட் பகுதியை ஆங்கிலேயர் தம்மிடமே வைத்துக்கொண்டனர். 1947 ஜூலையில்தான் அது மைசூருக்குத் திரும்பியது. 1949-இல் நகரசபையுடன் இணைந்தது. கண்டோன்மெண்ட் விரிந்தபோது, ஆங்கில அதிகாரி ஒருவரின் பெயரால் எழுந்த குடியிருப்பு காக்ஸ் டவுன்.

காக்ஸ் டவுன் மட்டுமல்ல, இன்றைய தமிழகத்தின் மேற்கெல்லையும் இந்த மதிலடியில்தான் பெருமளவு முடிவாயிற்று. 1792-இல் காரன்வாலிஸ் இதே கோட்டையை முற்றுகையிட்டபோது ஏற்பட்ட உடன்படிக்கையில், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனி வசமாயின. திப்புவின் இரு பிள்ளைகள் பிணைக்கைதிகளாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். 1799-இல் கோயம்புத்தூரும் போயிற்று. திப்புவின் குடும்பம் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டது. ஏழே ஆண்டுகளில், 1806 ஜூலை 10-இல், அக்கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மைசூர்க் கொடியை ஏற்றினர். உடைப்பு வழியே படையை நடத்திய டேவிட் பெயர்டும் தமிழ் மண்ணுக்குப் புதியவர் அல்லர். 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூர்ப் போரில் பிடிபட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றாண்டுகளுக்கும் மேல் சிறையிருந்தவர் அவர். சென்னை வால்டாக்ஸ் சாலைக்குப் பெயர் தந்த நகர மதிலும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஹைதர் அலிக்கும் அஞ்சிக் கட்டியதுதான். அதில் எஞ்சிய துண்டு ஒன்று பழைய வண்ணாரப்பேட்டையில் மாடிப் பூங்காவாக நிற்கிறது.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ரயிலில் செல்வோர், கோட்டைக்குள் நுழையக் கதவு தேட வேண்டியதில்லை. மதிலை வெட்டித்தான் இருப்புப்பாதை போடப்பட்டது. ரயில் நிலையமே கோட்டைக்குள் இருக்கிறது. பாதையை இரட்டிப்பாக்கும் பணிக்காக, திப்பு காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்று 2017-இல் அடித்தளத்தோடு பெயர்க்கப்பட்டு, நூறு மீட்டருக்கும் மேல் நகர்த்தி வைக்கப்பட்டது. முந்தைய தலைமுறைப் பொறியாளர்களாக இருந்தால் இடித்துவிட்டுப் போயிருப்பார்கள். இந்த அக்கறைக்கு ஒரு கைதட்டல் தரலாம்.

சுற்றுலாப் பேருந்துகள் ரங்கநாதர் கோயில், ஜாமியா மசூதி, தரியா தௌலத் மாளிகை என்று சுற்றிக் காட்டிவிட்டு மைசூருக்குப் புறப்பட்டுவிடுகின்றன. மேற்கே ஆற்றோரம் நீளும் மதிலின் பக்கம் வருவோர் குறைவு. அங்குதான் பழுதுபார்ப்புக் கை படாத பகுதி கிடக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியில் திம்மண்ண நாயக்கர் தொடங்கி, 1610-க்குப் பின் உடையார்களும், அடுத்து ஹைதரும், பிரெஞ்சுப் பொறியாளர்களின் துணையுடன் திப்புவும் வலுப்படுத்திய அரண் இது. ஒரே மதிலில் மூன்று நூற்றாண்டுகளின் கைவேலையைக் காணலாம். அடியில் பெரிய கருங்கற்கள். மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கைப்பிடிச் சுவர். அகழி முட்செடிகளால் தூர்ந்திருக்கிறது. கல்லிடுக்கில் பறவை போட்ட விதையிலிருந்து எழுந்த அரச மரம் மேலே நிழல் தர, அதன் வேர் உள்ளே நெம்புகோலாகிக் கற்களைத் தள்ளுகிறது. மழைநீர் உட்புகுந்து மண் நிரப்பு ஊறினால், முகப்புக் கற்கள் சரிவதற்குப் பீரங்கி எதுவும் தேவைப்படாது.

உடைப்பு ஏற்பட்ட இடத்தருகே, மைசூர் அரசு 1907-இல் நிறுவிய நினைவுத் தூண் நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் முற்றுகையின் கணக்குப் புரியும். கோடையில் ஆறு வற்றியிருந்தது. பாறைகளும் மணல் திட்டுகளும் தெரிந்தன. மழைக்கு முன் முடிக்காவிட்டால் ஆறே கோட்டைக்குக் காவலாகிவிடும் என்பதால்தான் தளபதி ஹாரிஸ் அவசரப்பட்டார். மதிலின் காலைத் தொட்டுச் செல்லும் அந்தத் தண்ணீர், மேலே கிருஷ்ணராஜ சாகர் அணையில் திறக்கப்பட்டு மேட்டூர் நோக்கி வருவது. இரு மாநிலங்களும் பல்லாண்டுகளாக நீதிமன்றத்தில் அளந்துகொண்டிருப்பதும் அதைத்தான்.

புதுப்பிக்கப்படாததில் ஒரு நன்மையும் உண்டு. சிமெண்ட் பூசி, வண்ணம் அடித்து, விளக்குத் தோரணம் கட்டிய கோட்டைகளில் எது பழையது, எது ஒப்பந்ததாரர் செய்தது என்று சொல்ல முடிவதில்லை. சுண்ணாம்புச் சுவரின் மீது சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளிருந்தே அரிக்கும். எனவே "புதுப்பியுங்கள்" என்ற கோரிக்கையையும் கவனமாகவே எழுப்ப வேண்டும். விழாமல் பார்த்துக்கொள்வது வேறு, புதிதாக்குவது வேறு.

கர்நாடக அரசியலில் திப்புவின் பெயர் அடிபடாத ஆண்டில்லை. 2015-இல் காங்கிரஸ் அரசு திப்பு ஜெயந்தியை அரசு விழாவாக்கியது. 2019-இல் பாஜக அரசு அதை ரத்து செய்தது. 2022 ஜூனில் ஜாமியா மசூதி குறித்த சர்ச்சையால் ஊரில் 144 தடையுத்தரவு போடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், பெங்களூரு - மைசூரு இடையே ஓடும் திப்பு எக்ஸ்பிரஸ் உடையார் எக்ஸ்பிரஸ் ஆயிற்று. திப்புவைத் தூக்கிப் பிடிப்போரும் தூற்றுவோரும் மதிலின் ஒரு கல்லுக்காகக் குரல் கொடுத்ததாக நினைவில்லை. பெயருக்கான சண்டையில் கல் படும் பாட்டைக் காக்ஸ் டவுன் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது.

கோட்டை இந்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஆகவே பொறுப்பு தில்லியைச் சேர்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சின்னங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014 முதல் உள்ளன. உத்தேசப் பட்டியல் என்பது காத்திருப்போர் வரிசை. பணமோ காவலோ அதனால் வந்துவிடாது. நாடு முழுவதும் மத்தியப் பாதுகாப்பிலுள்ள 3,693 சின்னங்களில் 248 இடங்களில் மட்டுமே காவலர்கள் இருப்பதாக, 2022 இறுதியில் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை தெரிவித்தது. 50 சின்னங்களைக் காணவில்லை என்றும் அதே அறிக்கை கூறியது. அவற்றில் 14 நகர வளர்ச்சிக்கும் 12 நீர்த்தேக்கங்களுக்கும் பலியானவை. எஞ்சிய 24 எங்கே என்பதே தெரியவில்லை. 2024-இல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்தே நீக்கும் முடிவைத் தொல்லியல் துறை அறிவித்தது.

மறுபுறம், இக்கோட்டைக்குள் மக்கள் வாழ்கின்றனர். 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். ஊரே சின்னமாக இருக்கும் இடத்தில், ஒழுகும் கூரையைச் சரிசெய்யவும் அனுமதிக்கு மனுப் போட வேண்டும். மதிலின் மீது வேர்கள் தடையின்றி வளர, மதிலுக்குள் வாழ்பவர் ஓர் அறை கட்ட முடியாமல் இருந்தால், அவருக்கு மதிலின் மீது பற்று எங்கிருந்து வரும்?

செய்ய வேண்டிய முதல் வேலைக்குப் பெரும் திட்டமோ ஆலோசகர் குழுவோ வேண்டாம். கல்லிடுக்கில் முளைத்தவற்றை இளஞ்செடியாக இருக்கும்போதே வேரோடு அகற்றுவது, திறந்துகிடக்கும் மேற்பரப்பைச் சுண்ணாம்புக் காரையால் அடைப்பது, மழைநீர் வெளியேறும் துளைகளைத் தூர்வாருவது ஆகியவை போதும். உள்ளூர்க் கொத்தனார்களும் கூலியாட்களும் செய்யக்கூடிய பணி அது. ஒவ்வோர் ஆண்டும், தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டும்.