இன்ஜின் போன டிராக்டரும் ஆர்.சி. புத்தகமும்

குறுவை உழவு மும்முரமாக நடந்த ஒரு நாளில் எங்கள் வீட்டு டிராக்டர் வயலிலேயே நின்றது. சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனதை ஓட்டியவர் கவனிக்கவில்லை. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால், கறுப்பாக வர வேண்டிய ஆயில் பால் விட்ட டீ மாதிரி வந்தது. பட்டறைக்காரர் வந்தார், பத்து நிமிடம் பார்த்தார். "இன்ஜின் முடிஞ்சுதுண்ணே. இதுல போய்க் காசைக் கொட்டாதீங்க. நமக்குத் தெரிஞ்ச பார்ட்டி ஒருத்தர் இருக்காரு, இருக்கிறபடியே எடுத்துக்குவாரு" என்றார். அன்று மாலையே அந்தப் பார்ட்டி கையில் முன்பணத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்பா ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டார்.

விற்கவில்லை. வேறொரு பட்டறையில் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, போயிருந்தது கேஸ்கெட். சூட்டில் ஹெட் கொஞ்சம் வளைந்திருந்தது. லேத்தில் கொடுத்து ஹெட்டைச் சமப்படுத்தி, புது கேஸ்கெட் போட்டு, ஆயிலை மாற்றினார்கள். அதற்குப் பிறகு நான்கு போகம் உழுதது அந்த வண்டி.

இன்ஜினைத் திறக்காமல் "முடிந்தது" என்று சொல்ல யாராலும் முடியாது. ஆனால் திறப்பதற்கு முன்பே சில அறிகுறிகளை நாமே பார்க்கலாம். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஓட்டும்போது தண்ணீரில் குமிழி கிளம்பினால் கேஸ்கெட்டோ ஹெட்டோ சரியில்லை. (ஆறிய இன்ஜினில்தான் மூடியைத் திறக்க வேண்டும், சூட்டில் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு.) நீலப் புகையும் பிரீதர் குழாயில் புகையும் வந்து, ஆயில் குறைந்துகொண்டே போனால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன. கரும்புகைக்கு ஏர் கிளீனர் அடைப்பே காரணமாக இருக்கலாம். அதற்கு இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை. சூடானதும் ஆயில் பிரஷர் இறங்கி, அடியிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். பேரிங்கும் கிராங்க்கும் அடிபட்டிருக்கும்.

லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. கிராங்க்கைக்கூட கிரைண்டிங் செய்து அடுத்த அளவு பேரிங் போடலாம். பிளாக் விரிசல் விட்டிருந்தால் நிலைமை வேறு. பெரும்பாலான டிராக்டர்களில் இன்ஜின் பிளாக்தான் முதுகெலும்பு. முன் அச்சின் பாரத்தையும் அதுதான் தாங்குகிறது. அதை வெல்டிங் வைத்து ஒப்பேற்றலாம் என்று சொல்பவரை நம்பிப் பெரிய செலவில் இறங்காதீர்கள்.

திறந்து பார்த்த பிறகு மூன்று தொகைகளைத் தாளில் எழுதுங்கள். இருக்கிறபடி விற்றால் என்ன கிடைக்கும், ஓடும் நிலையில் விற்றால் என்ன கிடைக்கும், வேலைக்கு என்ன ஆகும். கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம்: இருக்கிறபடி ஒரு லட்சம், ஓடினால் இரண்டேகால் லட்சம், வேலை 80,000 ரூபாய். விற்பதாக இருந்தாலும் சரிசெய்துவிட்டு விற்பதே லாபம். அதே வண்டிக்கு வேலை ஒன்றரை லட்சம் என்றால் சரிசெய்வதில் அர்த்தமில்லை. கிளட்ச், கியர் பெட்டி, ஹைட்ராலிக், பின் டயர் எல்லாவற்றையும் இதே தாளில் சேர்க்க வேண்டும். இன்ஜினைப் புதுசாக்கிய அடுத்த மாதம் கியர் பெட்டி கேட்கும் வண்டி குடும்பத்தையே சாய்த்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், பழைய வண்டிக்குப் பழைய விலையை எதிர்பார்க்கவும் முடியாது. போகத்தின் நடுவே அவசரம் என்றால் உழவன் செயலி வழியாக வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரை வாடகைக்கு எடுத்து உழவை முடியுங்கள். அவசரம் தீர்ந்தால்தான் கணக்கு நிதானமாக வரும்.

வழக்கமான காப்பீடு தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் பணம் தராது. செலவு முழுக்க நம்முடையது. ஆகவே பட்டறையில் வண்டியை விடும்போதே மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள்; அதற்கு மேல் வேலை வந்தால் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. கூலி பாக்கி இருந்தால் வண்டியை விடாமல் வைத்துக்கொள்ளப் பட்டறைக்காரருக்கு உரிமை உண்டு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் அதைத் தருகிறது. எனவே தொகையில் தகராறு என்றால் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பணம் கட்டி வண்டியை எடுங்கள். வேலை சரியில்லை என்றால் இரண்டு ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. சொந்த உழைப்பில் பிழைக்கும் விவசாயியும் நுகர்வோர்தான். முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

விற்பதென்று முடிவானால் இன்ஜினைவிட ஆர்.சி. புத்தகத்தைப் பற்றித்தான் எனக்குப் பயம் அதிகம். "ஓடாத வண்டிதானே, பேரு மாத்தி என்ன ஆகப்போகுது" என்று வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். வாங்கியவர் அதைச் சரிசெய்து, டிரெய்லர் மாட்டி, காப்பீடு இல்லாமல் சாலையில் விடுகிறார். கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் மோதிய வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. என்றைக்கோ விற்ற வண்டிக்காக நிலத்தை அடகு வைக்க நேரலாம்.

மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; அதற்குப் படிவம் 29. பெயர் மாற்ற விண்ணப்பம் படிவம் 30. கடன் எப்போதோ அடைந்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நின்றுகொண்டிருக்கும். வங்கியின் கையெழுத்தோடு படிவம் 35 கொடுத்து நீக்க வேண்டும். இறந்துபோன தந்தையின் பெயரில் இருந்தால் முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றியாக வேண்டும். வேறு பிளாக் போட்டிருந்தால் இன்ஜின் எண் மாறியிருக்கும். அதையும் 14 நாட்களுக்குள் தெரிவித்திருக்க வேண்டும். உடைத்து இரும்புக்குப் போடுவதென்றால் பதிவை ரத்து செய்யச் சொல்லி ஆர்.சி.யை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். இரும்புக் கடைக்கு ஆர்.சி. போனால், உங்கள் சேசிஸ் எண் ஒரு திருட்டு வண்டியில் ஏறலாம்.

பழுதை மறைத்து விற்காதீர்கள். தெரிந்தே மறைப்பது ஒப்பந்தச் சட்டத்தில் மோசடி. வாங்கியவர் விற்பனையையே ரத்து செய்யக் கேட்கலாம். "இன்ஜின் பழுதான நிலையில் பார்த்துத் தெரிந்து வாங்குகிறேன்" என்று விற்பனைக் கடிதத்தில் எழுதி, தேதியும் நேரமும் போட்டு இருவரும் கையெழுத்திடுவது இருவருக்கும் நல்லது.

நான்கு போகம் கழித்து எங்கள் வண்டியை விற்றபோது, வாங்க வந்தவர் அலுவலகத்துக்கு வர யோசித்தார். அப்பா விலையில் இரண்டாயிரம் குறைத்துக்கொண்டார். பெயர் மாறும்வரை சாவியைத் தரவில்லை.